தகட்டுக்கு அடியில்

லிண்ட்சே மக்ரே முப்பத்தெட்டு வருஷம் கம்பளி வாங்கிய மனிதர். கான்டர்பரி சமவெளியில் அவர் கை நுழையாத பொதி கிடையாது. நுழைந்தது என்றால் விரல் நுனி இல்லை, தோள்பட்டை வரைக்கும். பண்ணைக்காரர் சிரித்த முகமாக டீயும் ஸ்கோன் ரொட்டியும் கொண்டுவந்து வைப்பார். மேலாகப் பார்த்தால் கம்பளி வெள்ளைவெளேரென்று இருக்கும். இவர் டீயைத் தொடாமல் பொதியின் நடுவயிற்றில் கையை விட்டு, சாணி ஒட்டிய மயிரை ஒரு பிடி வெளியே இழுத்து, அந்த ஸ்கோன் தட்டுக்குப் பக்கத்திலேயே வைப்பார். பத்துப் பொதிக்கு ஒன்றில் அப்படிக் கிடைக்கும். மற்ற ஒன்பதில் ஒன்றும் கிடைக்காது. அந்த ஒன்பதை அவர் ஒருநாளும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. மனிதருக்கு அதுதான் கோளாறு.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், கலிஃபோர்னியாவில் இருக்கும் தம்பி நெவில் மூலமாக ஒரு கார்வெட் கார் வாங்கினார். 1969ஆம் வருஷத்து வண்டி, கரும்பச்சை நிறம், நீளமான மூக்கு, இரண்டே இரண்டு இருக்கை. நெவில் அங்கே பாதாம் தோட்டங்களுக்குப் பம்பு ரிப்பேர் செய்கிறவன். தோட்டம் தோட்டமாகப் போகிற வழியில் ஒரு விதவை வீட்டுக் கொட்டகையில் அந்த வண்டியைப் பார்த்து, பேரம் பேசி முடித்து, தானே துறைமுகம் வரை ஓட்டிப் போய்க் கப்பலேற்றிவிட்டான். மே மாதம் அண்ணனின் ஊரான டிமாருவுக்கு வருவதாகவும் சொல்லியிருந்தான். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் வருகிறான். அதற்குள் வண்டியைப் பதிவு செய்து நம்பர் பிளேட் வாங்கி வைத்துவிட வேண்டும், அண்ணனும் தம்பியும் அதில் தேக்கபோ ஏரி வரை போய் வர வேண்டும் என்று பேச்சு.

லிண்ட்சேயின் மனைவி ராஸ்லினுக்கு வண்டியைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது. "வண்டி ஓடுதோ இல்லையோ, அண்ணனும் தம்பியும் வாரா வாரம் போன்ல பேசறீங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. நெவில் பதினேழு வயதில் தன்னுடைய மோட்டார் சைக்கிளை அண்ணனுக்கு விற்றான். மூன்றாவது வாரம் கேவ் ஊருக்குப் போகிற மேட்டுச் சாலையில் அதன் சட்டம் இரண்டாக உடைந்து, லிண்ட்சேயின் காறையெலும்பும் கூடவே உடைந்தது. உடைந்த இடத்தில் பழைய விரிசலும், அதன்மேல் புதுப் பெயின்டும் இருந்தன. எனக்குத் தெரியாது என்றான் நெவில். அப்பா நம்பினார், அம்மா நம்பினாள். லிண்ட்சே மட்டும் தோளில் கட்டுடன் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இன்னும் முடியவில்லை.

லிட்டல்டன் துறைமுகத்தில் வண்டி இறங்கியதும் முதல் உறுத்தல் வந்தது. விதை, மண், பூச்சி பார்க்கிற அதிகாரிகள் இருக்கைக்கு அடியில் பாதாம் ஓடு ஒரு கைப்பிடியும் செத்த சிலந்தி ஒன்றும் எடுத்தார்கள். வண்டியை மறுபடி சுத்தம் செய்த பிறகுதான் வெளியே விடுவோம் என்று ஒன்பது நாள் நிறுத்தி வைத்தார்கள்.

"பல்லு குத்தற குச்சி வச்சு மூலை முடுக்கெல்லாம் தோண்டிச் சுத்தம் பண்ணேன்னு சொன்னானே" என்றார் லிண்ட்சே.

"சிலந்தி கப்பல்ல ஏறியிருக்கும்" என்றாள் ராஸ்லின்.

"பாதாம் ஓடும் நடந்து போய் ஏறிச்சா?"

இரண்டாவது உறுத்தல் காகிதத்தில் வந்தது. விற்றவள் மிசஸ் ஹாஃப்மன் என்று நெவில் நாலு தடவையாவது போனில் சொல்லியிருந்தான். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த உரிமைப் பத்திரத்தில் டெல்ஃபினா ஓர்ட்டேகா என்று இருந்தது. லிண்ட்சே பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார். அடித்து எழுதினது ஒன்றும் இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"போன் போட்டுக் கேட்டுத் தொலையேன், யாரு இந்த டெல்ஃபினான்னு" என்றாள் ராஸ்லின்.

"கேட்டா, பதில் தயார் பண்ண நானே நேரம் குடுத்த மாதிரி ஆயிடும்."

"அவன் உன் தம்பி. பண்ணைக்காரன் இல்ல."

"எல்லாப் பண்ணைக்காரனும் யாருக்கோ தம்பிதான்."

இந்தப் பதில் அவருக்கே பிடித்திருந்தது. அன்று சாயங்காலம் வரை தெம்பாக இருந்தார்.

மூன்றாவதுதான் பெரியது. அதைக் கொண்டுவந்தவர் டென்ஸில் க்ரவுச். பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஊரின் அமெரிக்க வண்டிக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அவரிடம் சொந்தமாகக் கார்வெட் கிடையாது. ஊரில் உள்ள எல்லாக் கார்வெட்டைப் பற்றியும் கருத்து உண்டு.

ஒரு சனிக்கிழமை வந்தார். இன்ஜினில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார், சரி. சட்டத்தில் குத்தியிருந்ததைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், சரி. கடைசியாக முன் கண்ணாடியின் இடப்பக்கத் தூணுக்கு வந்தார். அந்தத் தூணில்தான் வண்டியின் எண் பொறித்த சின்னத் தகடு இருக்கும், வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் படிக்கலாம். தகட்டை இரண்டு ரிவெட் ஆணி பிடித்திருக்கும். சாதா ரிவெட் இல்லை, ஆறு இதழ் பூ மாதிரித் தலை உள்ளது. கார்வெட்காரர்களுக்கு வண்டியின் பிறப்புச் சான்றிதழ், ஜாதகம், குலம் கோத்திரம் எல்லாம் அந்தத் தகடுதான்.

டென்ஸில் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். பிறகு உச்சுக் கொட்டினார்.

"என்ன?" என்றார் லிண்ட்சே.

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா அஞ்சு நிமிஷம் குனிஞ்சே?"

"ஒரு ரிவெட் இதழ்ல பச்சைப் பெயின்ட் இருக்கு. இன்னொண்ணுல இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை என்கிறவர்கள் மாதிரி ஊரில் அதிகம் சொல்கிறவர்கள் கிடையாது. கராஜில் நின்றபடி டீ குடித்து முடிப்பதற்குள் டென்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் வண்டி திருடுகிறவன் விபத்தில் நசுங்கிச் செத்த வண்டி ஒன்றின் தகட்டைப் பிடுங்கித் திருட்டு வண்டியில் வைத்து அடிப்பான். பத்திரம் சுத்தமாக இருக்கும், தகடும் சுத்தமாக இருக்கும், வண்டிதான் வேறொருத்தனுடையதாக இருக்கும்.

"இன்ஜின்லயும் சட்டத்துலயும் அதே நம்பர் இருக்கே" என்றார் லிண்ட்சே.

"குத்தத் தெரிஞ்சவன் மூணு இடத்துலயும் குத்துவான். ஆனா தகட்டுக்கு அடியில பொய் சொல்ல முடியாது. தகட்டைத் தூக்கினா பழைய ஓட்டைக்குப் பக்கத்துல இன்னொரு ஓட்டை இருக்கும், இல்ல ஓட்டையை அடைச்ச தடம் இருக்கும்."

"தூக்கலாமா?"

"கூடவே கூடாது. தகட்டைத் தொட்ட வண்டிக்கு இந்த நாட்டுல பதிவு கிடைக்காது." டென்ஸில் டீயை ஒரு வாய் குடித்தார். "எங்கிட்ட புது ரிவெட் ரெண்டு இருக்கு. ஆறு இதழ், அச்சு அசல். வளைஞ்ச கழுத்து டிரில்லும் இருக்கு. சும்மா சொல்றேன்."

மறுநாள் காலை லிண்ட்சே அவர் வீட்டு வாசலில் நின்றார். எதற்கு என்று டென்ஸில் கேட்கவில்லை. ஒரு பழைய விதைப் பாக்கெட்டில் ரிவெட்டைப் போட்டு, டிரில்லோடு கொடுத்தனுப்பினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் வழக்கம் போல நெவில் போன் செய்தான். டிக்கெட் எடுத்துவிட்டானாம், மே பதினான்கு. குரலில் பத்து வயது குறைந்திருந்தது. சின்ன வயதில் இருவரும் படுத்திருந்த அறையில் இந்த வண்டியின் படத்தை ஒட்டியிருந்தது, அதைக் கிழித்தது யார் என்று சண்டை போட்டது, எல்லாம் பேசினான். லிண்ட்சேயும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த ராஸ்லின் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. போனை வைப்பதற்கு முன்னால் நெவில் கேட்டான்:

"நம்பர் எல்லாம் ஒத்துப் போச்சுல்ல?"

"ஏன்?"

"சும்மா கேட்டேன்டா."

போனை வைத்தபோது லிண்ட்சேயின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஏன் கேட்கிறான்? ஒழுங்காக விற்றவன் எதற்கு நம்பரைப் பற்றிக் கேட்க வேண்டும்? பொதியை அவிழ்க்கிற நேரத்தில் பண்ணைக்காரர்களும் இப்படித்தான், என்ன, எல்லாம் சரியா இருக்கா என்று சும்மா கேட்பார்கள். சும்மா கேட்ட ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை.

ராஸ்லின் மூன்று மணிக்குத் தெமூக்காவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் கார் திருப்பத்தில் மறைகிற வரை பார்த்துவிட்டு அவர் கராஜுக்குள் போனார்.

செய்யப்போவது என்ன என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்தார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வண்டி போனாலும் போகட்டும், நெவில் வாசலில் வந்து நிற்கும்போது உண்மை தன் கையில் இருக்க வேண்டும். காறையெலும்பு உடைந்த அன்று கையில் ஒன்றும் இல்லாமல் போனதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

கண்ணாடிக்கும் தூணுக்கும் நடுவில் பல் டாக்டர் மாதிரி வளைந்து டிரில்லை நுழைத்தார். முதல் ரிவெட்டின் தலை சுலபமாக வந்துவிட்டது. இரண்டாவதில் டிரில் வழுக்கித் தூணில் ஒரு அரிசி நீளத்துக்குக் கீறியது. தகடு கையோடு வந்தது.

அடியில் இரண்டே ஓட்டை. ஆலையில் அடித்த பச்சை, வெயில் படாமல், ஐஸ்கிரீம் மாதிரி வழவழவென்று இருந்தது. வேறு ஓட்டை இல்லை. அடைத்த தடம் இல்லை. சுரண்டல் இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், நகத்தால் தடவிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருக்கு வந்தது ஏமாற்றம். அது ஏமாற்றம்தான் என்று தெரிந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தம்பி திருடன் இல்லை என்று தெரிந்து ஏமாந்து போகிறவன் எப்படிப்பட்ட அண்ணன்? அந்தக் கேள்வியோடு ரொம்ப நேரம் நிற்க முடியாது. விதைப் பாக்கெட்டைப் பிரித்துப் புது ரிவெட்டை வைத்து அடித்தார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் உட்கார்ந்தது. கொஞ்சம் கிரீஸும் தூசியும் தேய்த்துவிட்டார். ராஸ்லின் வருவதற்குள் கையைக் கழுவி, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

நெவில் வந்தான். தலை வழுக்கை, கழுத்தெல்லாம் வெயிலில் காய்ந்த நிறம், பேச்சில் பாதி அமெரிக்கா. வீட்டுக்குள் நுழையாமல் நேராகக் கராஜுக்குத்தான் போனான். வண்டியின் முதுகை உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "பயணம் சௌகரியமா இருந்துச்சா பொண்ணே" என்று கேட்டான்.

ராஸ்லின் அடுப்பில் ஆட்டுக்காலும் பூசணியும் வைத்திருந்தாள். சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள். வேண்டுமென்றேதான் ஆரம்பித்தாள்.

"ஆமா நெவ், யாரு இந்த டெல்ஃபினா?"

"கிழவிதான். நாங்க எல்லாரும் மிசஸ் ஹாஃப்மன்னு கூப்பிடுவோம், புருஷன் பேரு அது. பத்திரத்துல பொறந்த வீட்டுப் பேரையே வச்சிருக்கா. வண்டி அவளோடது, அந்தாளை ஓட்டவே விடலையாம்." நெவில் சிரித்தான். "நான் துறைமுகத்துக்குக் கிளம்பினப்ப வாசல்ல நின்னு அழுதுட்டா. வழியில சாப்பிடுன்னு ஒரு பை நிறைய பாதாம் குடுத்தா. உடைச்சு உடைச்சுத் தின்னுகிட்டே போனேன். ஏன், பேரைப் பார்த்துப் பயந்துட்டியா லின்?"

"நான் ஏன் பயப்படணும்?" என்றார் லிண்ட்சே.

 இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ராஸ்லின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதினா சாஸை எடு என்று மட்டும் கேட்டார்.

அதுவரை லிண்ட்சே ஏதேதோ சாக்குச் சொல்லிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை வண்டியை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பின் பின்னால் மாட்டிப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறக்குமதி வண்டிகளைப் பார்த்துச் சான்று கொடுப்பவள் ஹினே ராபதா. நாற்பது வயது இருக்கும். காதில் பச்சைக்கல், கையில் கிரீஸ். அவள் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே நம்பர் பிளேட். போடாவிட்டால் டிரெய்லரில் வந்தது டிரெய்லரிலேயே திரும்ப வேண்டியதுதான்.

ஒன்றரை மணி நேரம் பார்த்தாள். வண்டியைத் தூக்கி அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டினாள். பிரேக், பெல்ட், விளக்கு, பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"யாரு பிரேக் மாத்தினது?"

"நான்தான்" என்றான் நெவில்.

"நல்லா பண்ணியிருக்கீங்க. இந்த வயசு வண்டியில இவ்வளவு சுத்தமான சட்டம் நான் பார்த்ததில்ல."

நெவில் அண்ணனை முழங்கையால் இடித்தான்.  அவள் டார்ச்சையும் சின்ன முகக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். நிமிரவில்லை. டார்ச்சை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"இந்தத் தகட்டைக் கழட்டினது யாரு?"

டார்ச்சைத் தகட்டின் மேலேயே பிடித்திருந்தாள்.

"ரிவெட் புதுசு. பழைய ரிவெட்டோட தலை பதிஞ்ச வளையம் தகட்டுல இருக்கு, புதுசு அதுமேல சரியா உட்காரல. தூண்ல டிரில் வழுக்கின கீறல் இருக்கு. யாரு பண்ணது?"

"அங்கேருந்து வந்ததே அப்படித்தான்" என்றார் லிண்ட்சே.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. எங்கேயோ தயாராக இருந்திருக்கிறது. நெவில் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தான். லிண்ட்சே சுவரில் மாட்டியிருந்த டயர் கம்பெனி நாள்காட்டியைப் பார்த்தார்.

"நீங்கதானே அங்க வாங்கினது?" ஹினே நெவிலைக் கேட்டாள்.

நெவில் கோட்டுப் பையில் கையை விட்டான், எதையோ தொட்டான், எடுக்காமலே கையை வெளியே எடுத்தான்.

"ஆமா. அங்கதான் எப்பவோ நடந்திருக்கும்" என்றான். "நான் கவனிக்கல."

ஹினே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பினாளா என்று சொல்ல முடியாது. என்ன நடக்கும் என்பதை மட்டும் சொன்னாள். அவளால் கையெழுத்துப் போட முடியாது. போலீஸ் வந்து பார்க்கும், அமெரிக்காவில் விசாரிக்கும், பதில் வர மாதக்கணக்கில் ஆகும். திருட்டு வண்டி இல்லை என்று தெரிந்தாலும் இந்தத் தகடு இனிச் செல்லாது, புது எண்தான் குத்துவார்கள். யார் கழற்றியது என்பது தெரியாதவரை சந்தேகம் அங்கே வாங்கியவர் பேரில்தான் இருக்கும் என்று சொல்லி, நெவிலின் அமெரிக்க விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டாள். அவனும் ஒழுங்காக எழுத்துக்கூட்டிச் சொன்னான்.

வெளியே பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார்கள். லிண்ட்சே சாவியைப் போட்டார், திருகவில்லை. நெவில் கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

"தேக்கபோல வச்சுக் குடுக்கலாம்னு இருந்தேன்."

புகைப்படங்கள். கிழவியின் கொட்டகையில் வண்டி. கிழவி வண்டியின் மூக்கில் கை வைத்து நிற்கிறாள். துறைமுகத்தில் வண்டி. இன்ஜின் எண். சட்டத்து எண். கடைசியில் தகடு, கிட்டத்தில் எடுத்த நாலு படம். இரண்டு ரிவெட், ஆறு இதழ், இதழிடுக்கில் நாற்பது வருஷ அழுக்கு, ஒன்றின்மேல் மட்டும் பச்சைத் தெறிப்பு. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதி விழுந்திருந்தது. கப்பலேற்றிய நாள்.

"நீ நம்ப மாட்டேன்னு தெரியும்" என்றான் நெவில். "அதான் ஒண்ணொண்ணா எடுத்தேன். போன்லயே சொல்ல வந்தேன், ஏன்னு நீ வெடுக்குன்னு கேட்டியா, சரி நேர்லயே காட்டிக்கலாம்னு விட்டுட்டேன்."

"இதை அவகிட்ட ஏன் காட்டல?"

"காட்டினா கழட்டினது நீன்னு ஆயிடும்ல."

லிண்ட்சே படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் திரும்பப் போட்டார்.

"எப்ப கழட்டின?" என்று கேட்டான் நெவில்.

"ஏப்ரல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை."

"எந்த ஞாயித்துக்கிழமை? நான் டிக்கெட் எடுத்துட்டேன்னு சொன்னேனே, அன்னிக்கா?"

"ஆமா."

"பேசறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

"அப்புறம்."

நெவில் தலையை ஆட்டினான். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவன் முகத்தில் கோபம் இல்லை, ரொம்ப தூரம் நடந்து வந்தவனின் களைப்புதான் இருந்தது.

"அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தேன்டா" என்றான். பிறகு, "அடியில என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

லிண்ட்சே உறையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நெவில் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை.

ஹினே கவுண்டரில் இன்னொருவருடைய வேனுக்குக் காகிதம் எழுதிக்கொண்டிருந்தாள். லிண்ட்சே அது முடிகிறவரை நின்றார். பிறகு படங்களைப் பரப்பி வைத்தார்.

"என் தம்பி பண்ணல. நான்தான் கழட்டினேன். என் கராஜ்ல."

அவள் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பச்சைத் தெறிப்பைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தாள். "இதைப் பார்த்தா கழட்டினீங்க? நான் பார்த்த பத்துல நாலு இப்படித்தான் இருக்கும். ஆலையில பெயின்ட் தெறிக்கும்."

"தெரியாது."

"முதல்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே." டிராயரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து முன்னால் தள்ளினாள். "எழுதிக் குடுங்க. போலீஸ் உங்களைக் கூப்பிடும், அபராதம்கூட போடலாம். வண்டி எண் எப்படியும் போச்சு. ஆனா உங்க தம்பி பேரை நான் எடுத்துடலாம்."

படிவத்தில் பெயர், விலாசம், வண்டி, கழற்றிய தேதி எல்லாம் விறுவிறுவென்று எழுதினார். அதற்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. கழற்றிய காரணம். அங்கே பேனா நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, சுத்தம் செய்வதற்காக என்று எழுதினார்.

ஹினே தலைகீழாகவே படித்தாள். "சுத்தம் பண்ண யாரும் டிரில் எடுக்க மாட்டாங்க. போலீஸ் திருப்பி அனுப்பிடும். உள்ளதை எழுதுங்க."

அதை அடித்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினார்: என் தம்பி நெவில் என்னை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். பார்த்தேன். ஏமாற்றவில்லை.

எழுதி முடித்துப் படிவத்தைத் தள்ளினார். அவள் வாங்கவில்லை. கீழே காலியாக இருந்த கோட்டைப் பேனாவால் தட்டினாள்.

"சாட்சி கையெழுத்து வேணும். நான் போடக்கூடாது. பசங்க எல்லாம் சாப்பிடப் போயிட்டாங்க." ஜன்னல் வழியாகப் பிக்கப்பைப் பார்த்தாள். "அவரைக் கூப்பிடுங்க."

"வேற யாராவது..."

"ரெண்டு மணிக்கு வருவாங்க. அதுவரைக்கும் அவர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கட்டுமா?"

லிண்ட்சே வெளியே போனார். பிக்கப்பின் கண்ணாடியைத் தட்டினார். நெவில் கண்ணாடியை இறக்கினான்.

"உன் கையெழுத்து வேணும்" என்றார். 

நெவில் எதற்கு என்று கேட்கவில்லை. இறங்கி, அவருக்கு முன்னால் நடந்து உள்ளே போனான். கவுண்டரில் படிவம் அப்படியே கிடந்தது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து படிக்க ஆரம்பித்தான். பெயர், விலாசம், தேதி. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அவன் விரல் நின்றது. அடித்திருந்ததையும் படித்தான், அடிக்காததையும் படித்தான். மறுபடி ஒரு தடவை படித்தான். அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்க போடணும்?" என்று ஹினேயைக் கேட்டான்.

அவள் இடத்தைக் காட்டினாள். நெவில் பேனாவை வாங்கிச் சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினான்.